பாராட்டி வளர்த்த சமூகம்: மாதுங்கா முதல் வாஷி வரை

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு முதலில் வேண்டியவை வேலையும் ஒண்ட ஓர் இடமும்தான் என்றாலும், அவை இரண்டும் கிடைத்த பின்பு அவர்களுடைய மனம் ஏங்கித் தேடுவது, தாங்கள் செய்த ஒரு நல்ல காரியத்தைக் கண்டு, தங்கள் பாஷையில் மனமாரப் பாராட்டக்கூடிய நாலு பேரையே. இன்று நவி மும்பையின் வாஷியில் தமிழர்கள் கூடி நடத்தும் விழாக்களில், குழந்தைக்கும் முதியவருக்கும் பேதமின்றிக் கிடைக்கும் உற்சாகத்தின் வேரைத் தேடிச் சென்றால், அது கடற்கழிக்கு அப்பால் மும்பையின் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஆழ ஊன்றியிருப்பதைக் காண்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலைப் பின்பற்றித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த இஸ்லாமியரும் ஆதி திராவிடரும், சதுப்பு நிலத்தை மேடாக்கித் தங்கள் வாழ்க்கையை அங்கே நிறுவினர். 1887இல் தொடங்கிய பெரிய மசூதியும், 1913இல் எழுந்த கணேசர் கோயிலும் அந்த ஆதிக் குடியேற்றத்தின் சாட்சிகளாக விளங்குகின்றன. தோலோடும் சுண்ணாம்போடும் பகலெல்லாம் போராடிய உழைப்பாளியை நகரத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் சென்ற காலத்திலும், அவனுடைய சொந்தத் தெருவில் அவனுக்கு மதிப்பு இருந்தது. ஆதி திராவிட மகாஜன சங்கம் போன்ற அமைப்புகள் அந்த மதிப்புக்கு உருவம் கொடுத்தன. பொங்கலன்று கோயிலுக்கு முன்னே பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை ஏற்றுகையில், எவள் பானை முதலில் பொங்கினாலும் அது எல்லோருடைய சந்தோஷமாகிவிடும். இப்படி ஒருவர் உயர்வை மற்றவர் கொண்டாடிப் பழகிய ஜனங்கள் வாய்ச்சொல்லோடு நின்றுவிடவில்லை; 1960களில் எம். வி. துரைசாமியின் தலைமையில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அமைத்து, 338 வீடுகளும் 97 கடைகளும் கொண்ட டாக்டர் பாலிகா நகரை எழுப்பியது, ஒருவர்மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையின் பலனே ஆகும்.

மாதுங்காவின் கதை வேறு வகையில் தொடங்குகிறது. 1896இல் பம்பாயைச் சூறையாடிய பிளேக் நோயின் விளைவாக, நெரிசலைத் தணிக்கும் பொருட்டு 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட, அதன் திட்டத்தில் தாதரும் மாதுங்காவும் அகன்ற வீதிகளோடு உருவாயின. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு, தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறிய வாலிபர்கள் அங்கே ஓர் அறையில் பலராகத் தங்கி, மெஸ்ஸில் உண்டு, கம்பெனிகளில் குமாஸ்தாக்களாக அமர்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் கல்விக்காக 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய அந்தச் சமூகம், 1952இல் ஷண்முகானந்த சங்கீத சபையையும் ஸ்தாபித்தது. செம்பூரில் 1962இல் நுண்கலைச் சங்கம் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே கிங்ஸ் சர்க்கிள் அருகில், ஏறத்தாழ 3,000 பேர் அமரக்கூடிய ஷண்முகானந்த மண்டபம் திறக்கப்பட்டது.

சென்னையிலிருந்து பெரிய வித்வான்களை வரவழைத்துக் கேட்டது இச்சபைகளின் கீர்த்தி என்றால், உள்ளூர்ப் பிள்ளையை மேடையில் ஏற்றியது அவற்றின் தர்மம். அலுவலகம் விட்டு லோக்கல் ரயிலில் இடிபட்டு வந்த தகப்பனார் முன்வரிசையில் தாளம் போட, பக்கத்துக் கட்டிடத்துப் பெண் நடுங்கும் குரலில் வர்ணத்தைத் தொடங்கும்போது, மூத்த ரசிகர் ஒருவர் தலையசைத்துச் சொல்லும் ஒரு ‘பேஷ்’ அந்தக் குரலின் நடுக்கத்தைப் போக்கிவிடும். கச்சேரி முடிந்ததும் தாம்பூலத் தட்டில் தேங்காயும் பழமும் வைத்து மரியாதை செய்வார்கள். சங்கங்களின் ஆண்டு விழாக்களிலோ பொன்னாடை போர்த்துவதும், தேர்வில் தேறிய மாணவருக்குப் பரிசளிப்பதும், பணி ஓய்வு பெறுகிறவருக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துமடலை உரக்க வாசித்து அளிப்பதும் வழக்கம். ஓரத்தில் பூக்கொடி அச்சிட்டு, விருத்தத்தில் புகழ் பாடி, அடியில் ‘இங்ஙனம், உறுப்பினர்கள்’ என்று முடியும் அம்மடல், ‘சால்’ எனும் வரிசைக் குடியிருப்பின் ஒற்றை அறை வீட்டிலும் சுவாமி படத்துக்கு அருகே இடம்பெறும்.

இந்தப் பழக்கத்தின் வலிமை சோதனைக் காலங்களில் விளங்கிற்று. 1966இல் சிவசேனை தோன்றித் தென்னாட்டாருக்கு விரோதமான கிளர்ச்சி மூண்டபோது, அச்சத்தோடு வீடு திரும்பிய மனிதருக்குச் சங்கத்து நண்பர்களின் சொல்லே தைரியமாயிற்று. 1990இல் ஷண்முகானந்த மண்டபம் தீக்கிரையானபோது, பல ஆண்டுகள் பிரயாசைப்பட்டு 1998இல் அதனை மீண்டும் திறந்து வைத்தார்கள் என்றால், இடிந்த மனத்தை நிமிர்த்தும் வித்தை அச்சமூகத்துக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது என்பதே பொருள்.

அந்த வித்தைதான் கடற்கழிப் பாலம் கடந்து வாஷிக்கு வந்தது. 1965இல் கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் ஷிரீஷ் படேல் ஆகிய மூவரும் கடற்கழிக்கு எதிர்க்கரையில் ஒரு புதிய நகரம் வேண்டுமென்று யோசனை கூற, 1970இல் அதை நிர்மாணிக்க சிட்கோ நிறுவனம் அமைந்தது. பாலம் வந்தும் ரயில் வரவில்லை. மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடியது 1992ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். அதுவரை, செம்பூரிலும் மாதுங்காவிலும் வாடகை கொடுத்துக் களைத்துச் சொந்த வீட்டின் ஆசையில் இங்கே குடிவந்தவர்கள், பஸ்ஸை நம்பிப் பயணம் செய்து, சந்தடியற்ற செக்டர்களில் தமிழ்க் குரல் எங்கேனும் கேட்குமா என்று காத்திருந்தவர்களே. அத்தகையோர் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொண்டதன் தொடர்ச்சியே இன்று வாஷியில் இயங்கும் நவி மும்பை தமிழ்ச் சங்கம். பழைய பேட்டைகளில் ஜாதியும் ஜில்லாவும் வகுத்த பிரிவுகள் பல இருந்தன; தாராவியின் மேடையும் மாதுங்காவின் மேடையும் தனித்தனியாகவே நெடுங்காலம் நின்றன. புது நகரத்திலோ, நெல்லைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் ஒரே வரிசை நாற்காலிகளில் அமர்ந்து, யார் வீட்டுக் குழந்தை குறள் ஒப்பித்தாலும் கைதட்டும் வாய்ப்புப் பிறந்தது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றில் நான் மிகவும் போற்றுவது இதனையே.

பாராட்டு என்பது செல்வர்கள் எளியவர்களுக்கு இடும் தானமன்று. சமமானவர்கள் தமக்குள் செலுத்திக்கொள்ளும் கடன். பிரசித்தர் வரும் நாளில் மண்டபத்தை நிறைப்பவர்கள், அண்டை வீட்டுச் சிறுவன் முதன்முதலாக மிருதங்கத்தில் கை வைக்கும் நாளிலும் வந்து அமர வேண்டும். படித்து முன்னேறிய குடும்பங்கள், தாராவியின் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் பரிசளிப்பு விழாவுக்கும் அவ்வாறே செல்ல வேண்டும். முன்னோர் சம்பாதித்து வைத்த சபைகளையும் சங்கங்களையும் காப்பாற்றுவதற்குப் பணத்தைவிட அவசியமான திரவியம் இந்த மனமே.