நிறுத்தக்கூடிய ஆட்டமும் நிறுத்தமுடியாத ஆட்டமும்: மன்னார்க் கரையில் உழைக்கும் பெற்றோரின் ஓய்வு

மன்னாரில் பெற்றோரையும் வீடியோ விளையாட்டையும் சேர்த்துப் பேசத் தொடங்கினால் பேச்சு பிள்ளைகளைப் பற்றியதாகவே முடிந்துவிடுகிறது. பாடசாலைக் கூட்டம், கோயில் பிரசங்கம், பள்ளிவாசல் பயான் எதுவானாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவை பப்ஜியும் பிறீ பயரும். விசாரணை 'எத்தனை மணித்தியாலம்?' என்ற ஒரே கேள்வியோடு முடிகிறது. அறிவுரை சொல்லும் தகப்பனின் போனிலும் அதே விளையாட்டு இருப்பதைச் சபையில் யாரும் எடுப்பதில்லை. இக்கட்டுரை தகப்பனையும் தாயையும் ஆடுவோராகவே எடுத்துக்கொள்கிறது. இங்கு ஒருவரின் ஆட்டத்துக்கு வடிவம் கொடுப்பது அவருக்குக் கிடைக்கும் நேரத்தின் அளவன்று. ஆடும்போது அவரை யார் கூப்பிடலாம், கூப்பிட்டால் அவர் எழுந்தே ஆகவேண்டுமா என்பதே அதற்கு வடிவம் கொடுக்கிறது என்பது இதன் வாதம்.

ஓய்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மணிக்கூட்டு வேலையை மனதில் வைத்தவை. காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியும் வேலை இருந்தால்தான் ஐந்துக்குப் பிந்திய நேரம் 'சொந்த நேரம்' ஆகும். வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த ஒழுங்கு தொழிற்சாலையோடு வந்தது என்று காட்டியதோடு, கடலோடிகளின் நாள் வற்றுப்பெருக்கோடு ஒட்டியது என்பதையும் நினைவூட்டியது. மன்னாரில் வற்றுப்பெருக்கோடு காற்றையும் சேர்க்கவேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் மன்னார்த் தீவின் தென்கரை கொந்தளிக்கும். வாடையில் வடகரையின் முறை. எந்தக் கரையில் தொழில், எந்தக் கரையில் வள்ளம் ஏற்றிக்கிடக்கிறது என்பதைக் காற்று சொல்லும்.

காற்றைவிட விசித்திரமான நாட்காட்டி ஒன்றும் வடகரையில் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இழுவைப் படகுகளும் நாட்டுப் படகுகளும் வாரநாட்களைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாட்டின்படி இழுவைப் படகுகளுக்கு மூன்று நாள். இராமேஸ்வரத்துப் படகுகள் திங்கள், புதன், சனி இரவுகளில் பாக்கு நீரிணையைத் தாண்டி வருவது இலங்கை வடபகுதி மீனவர் யாவரும் மனப்பாடமாக அறிந்தது. அந்த இரவுகளில் வலை போட்டால் காலையில் வலை இருக்காது. ஆகவே வடகரை ஊரான பேசாலையில் பலர் அந்த நாட்களில் இறங்குவதில்லை. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்தபின்னும் கணக்கு இதுதான். ஒரு பேசாலைத் தகப்பன் எந்த இரவு வீட்டிலிருக்கிறார் என்பதைப் பெரும்பாலும் கடலுக்கு அப்பாலுள்ள வேறொரு துறைமுகம் தீர்மானிக்கிறது. இதை ஓய்வு என்பதா? உழைக்க வழியில்லாமல் வீட்டில் இருத்தல் அது. வருமானக் கவலை கூடவே உட்கார்ந்திருக்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடி இதை இன்னும் தெளிவாக்கியது. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. வெளியிணை இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது; பல வள்ளங்கள் கரையிலேயே நின்றன. வேலையற்ற மணித்தியாலங்கள் பெருகின. ஆனால் அதே ஆண்டின் மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை போயிருந்தது. டேற்றாக் கட்டணமும் கூடியது. கையில் நேரம் மிஞ்சியவனுக்குப் பற்றரி மிஞ்சவில்லை.

நேரத்துக்கு அடுத்து வருவது கை. வலை பொத்துவதற்கு இரண்டு கையும் ஊசியும் கண்ணும் வேண்டும்; காது மட்டும் சும்மா இருக்கும். வாடிக்குள் வானொலி நீண்டகாலம் அரசாண்டதற்கு இதுவே காரணம். நண்டு வலை கரைக்கு வந்ததும் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு நண்டாகக் கழற்றுவார்கள்: கொடுக்கை ஒரு கையால் அமர்த்தி, மறுகையால் வலை நரம்பை விலக்கி, கால் முறியாமல் எடுக்கவேண்டும், முறிந்தால் விலை குறையும். விரல் ஈரம், உப்பு, செதில். தொடுதிரை ஈர விரலுக்குப் பணியாது. போன் பொலித்தீன் பைக்குள் முடிச்சிட்டபடி சட்டைக்குள்ளோ கூடைக்குள்ளோ கிடக்கும். எனவே போன் விளையாட்டு வேலையோடு போட்டிபோடவில்லை, போடவும் முடியாது. அது குடியேறியது வேலைக்கு நடுவே விழும் காத்திருப்புகளில்: வள்ளம் வரும்வரை, ஐஸ் லொறி வரும்வரை, சம்மாட்டி கணக்குப் பார்க்கும்வரை. வவுனியாவிலிருந்து மன்னாருக்கு நாளாந்தம் வந்துபோகும் ஆசிரியைக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பஸ் பயணமே அந்த இடைவெளி.

இந்த இடைவெளிகள் எல்லோருக்கும் ஒன்றல்ல. இங்குதான் விளையாட்டுகளின் உள்ளமைப்பைப் பார்க்கவேண்டியிருக்கிறது. பப்ஜி மொபைலின் வழக்கமான ஆட்டத்தில் 100 பேர் இறங்குவார்கள். கடைசிவரை நின்றால் அரைமணிவரை போகும். பிறீ பயரில் 50 பேர், பத்து நிமிடம் அளவு. குறைந்த விலைப் போனிலும் ஓடுவதால் பின்னது இக்கரையில் இன்னும் பரவலாக எட்டியது. இரண்டையும் நடுவில் நிறுத்தமுடியாது. போனைக் கீழே வைத்தால் உருவம் நின்ற இடத்தில் நிற்கும், யாராவது சுடுவார்கள். நால்வர் அணியில் மற்ற மூவரும் திட்டுவார்கள். 2012இல் கிங் நிறுவனம் வெளியிட்ட கண்டி கிறஷ் இதற்கு நேரெதிர். அது நகர்வுகளை எண்ணுகிறது. பால் பொங்கினால் போய் இறக்கிவிட்டு வரலாம், பிள்ளையின் கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு வரலாம், ஆட்டம் விட்ட இடத்திலேயே இருக்கும். ஐந்து உயிரும் தீர்ந்தால் அரைமணிக்கு ஒன்றாகத் திரும்பக் கிடைக்கும். அதற்குள் ஒரு கறி வைத்துவிடலாம்.

ஒரு மாலை, வீட்டு முற்றம். தகப்பன் வேப்பமரத்தடிக் கதிரையில், காதில் இயர்போன். உள்ளேயிருந்து குரல்: "பிள்ளை அழுறான், ஒருக்காத் தூக்குங்கோ." பதில்: "இந்தா, இந்த மச் முடியட்டும்." அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே எழும்ப முடியாத ஓர் ஆட்டத்தைத்தான் அவர் தெரிந்தெடுத்திருக்கிறார். உள்ளே அடுப்படியில் சுவரோடு சாய்த்துவைத்த போனில் பாதியில் நிற்கும் ஆட்டம் மனைவியினுடையது. பிள்ளையைத் தூக்குவதும் அவரே. சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989இல் வேலைக்குப் போகும் தாய்மாரின் வீட்டுவேலையை இரண்டாவது முறைமாற்று வேலை என்று விவரித்தார். அந்த வேலைக்குள் அடங்கக்கூடிய ஆட்டம் நிறுத்தக்கூடியதாகத்தான் இருக்கமுடியும். விளையாட்டு என்பது அன்றாடத்திலிருந்து இடத்தாலும் காலத்தாலும் வேலிகட்டிப் பிரிக்கப்பட்டது என்ற வரலாற்றாசிரியர் ஹொய்சிங்காவின் 1938ஆம் ஆண்டுக் கருத்து தகப்பனின் கதிரைக்குப் பொருந்துகிறது, அடுப்படிக்குப் பொருந்தவில்லை. இந்த வேலியை யார் கட்டலாம் என்று அவர் கேட்டதாகவும் தெரியவில்லை.

போன் வந்து இந்தப் பிளவை உண்டாக்கியது என்று எண்ணுவது வரலாற்றை மறப்பதாகும். மன்னாரின் கத்தோலிக்க ஊர்களில் வயதுவந்தோரின் பெரும் பொழுது நாட்டுக்கூத்தாக இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த என்றிக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்கள் அந்த உலகத்தின் பெருக்கை இன்றும் காட்டுகின்றன. அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்குவார்; ஆட்டம் விடியவிடிய நடக்கும்; பெண்பாத்திரத்தையும் ஆண்களே கட்டினர். பழக்கத்துக்குப் போனவனை நடுவில் கூப்பிட முடியாது. கோயில் காரியம், நேர்த்தி, அண்ணாவியாரின் கோபம் மூன்றும் அவனுக்குக் காவல். சமூகவியலாளர் றொபேட் ஸ்ரெபின்ஸ் 1982இல் வகுத்த 'தீவிர ஓய்வு' (பயிற்சியும் விடாமுயற்சியும் கேட்கும் பொழுதுபோக்கு) என்ற வகைக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம். ஆனால் அந்தத் தீவிரத்தின் செலவை வீட்டிலிருந்து விளக்கு அணைத்தவள் செலுத்தினாள் என்பது அவ்வகைப்பாட்டில் வராது. பள்ளிமுனையின் உதைபந்தாட்டத்துக்கும், வாடியில் நடக்கும் 304 சீட்டுக்கும் இதே கணக்குத்தான். நிறுத்தமுடியாமை ஆண்களின் பழைய உரிமை. பப்ஜி அதைப் போனுக்குள் கொண்டுவந்தது, அவ்வளவே.

புதிதாக நடந்தது ஒன்று உண்டு, அது பெண் பக்கத்தில். முன்பு தாயின் துண்டு நேரங்கள் படலைக்கதையாகவும் பேன் பார்த்தலாகவும் கரைந்தன. அவை ஆட்டம் என்ற கணக்கில் வரவில்லை. இன்று அதே துண்டுகளில் அவளுக்கு மட்டத்தின் எண் இருக்கிறது, முன்னேற்றம் இருக்கிறது, தங்கையை முந்திய பெருமை இருக்கிறது. சிறிய விடயம் என்று நான் நினைக்கவில்லை.

இடைவெளி நேரத்தில் மட்டுமல்ல, நிலத்திலும் விழுந்த குடும்பங்கள் வேறு. 1990 ஒக்ரோபரில் விடுதலைப்புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம்களில் பலர் 2009க்குப் பின் திரும்பினாலும், புத்தளத்தில் ஒரு வீடும் மன்னாரில் ஒரு வீடுமாகவே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தொழில் ஒரு பக்கம், பிள்ளையின் படிப்பு மறுபக்கம். வளைகுடாவுக்குப் போன பெற்றோர் இன்னொரு தொகை. மும்பையின் கேம்ஷன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட லூடோ கிங், 2020 ஊரடங்கில் உலகெங்கும் பெருகியது. இத்தகைய குடும்பத்துக்கு அது வட்ஸ்அப் அழைப்பைவிட நல்ல வழி. அழைப்பில் 'சாப்பிட்டியா, படிச்சியா' இரண்டுக்கும் பிறகு பேச்சு வற்றிவிடும். தாயம் உருளும்போது பேச்சு தானாக வரும், சண்டையும் வரும். இங்கே ஆட்டம் பெற்றோர்மைக்குப் போட்டியாக இல்லை. பெற்றோர்மை நடக்கும் இடமே அதுவாகிறது.

எதிர்வாதம் எதிர்பார்க்கக்கூடியது: அடிமையாதல் என்பது உண்மையான துன்பமல்லவா? ஆம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022 முதல் நடைமுறையான நோய்ப்பட்டியலில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த வரையறை மணித்தியாலத்தைக் கேட்கவில்லை. கட்டுப்பாடு குலைதல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் வருதல், கேடு தெரிந்தும் தொடர்தல், இவற்றையே கேட்கிறது. பிள்ளையின் போனைப் பறித்து மணி எண்ணும் பெற்றோர் தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள். தம் ஆட்டத்துக்கு வேலி கட்டத் தெரிந்த தகப்பனைப் பார்த்து மகன் கற்றுக்கொள்வது மணிக்கணக்கையல்ல, 'மச் முடியட்டும்' என்ற வாக்கியத்தை. மகள் கற்பது வேறு.

இலங்கைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு அளவீடு, மனிதர் தம் நாளை எதற்குச் செலவிட்டனர் என்று கேட்டது. அது பயனுள்ள தொடக்கம். ஆயினும் ஒரு மணித்தியால ஓய்வு ஒரே நீட்டாகக் கிடைத்ததா, ஏழு துண்டாகவா என்ற கேள்வியே நம் பொருளுக்கு முதன்மையானது. மன்னாரில் அதைச் சோதிக்க இயற்கையான வாய்ப்பு ஆண்டுதோறும் வருகிறது. தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் பேசாலை ஆண்கள் திங்கள், புதன், சனியும் இறங்கலாம். இங்கு சொன்னது சரியென்றால், எந்தப் பிரசங்கமும் இல்லாமலே அவர்களின் இரவு ஆட்டம் குறையவேண்டும். அவர்கள் மனைவிமாரின் ஆட்டம் கூடவோ குறையவோ கூடாது, ஏனெனில் அவர்களின் துண்டு நேரங்களை இராமேஸ்வரம் தீர்மானிப்பதில்லை. ஒரு போனை வீடு முழுவதும் பங்கிடும் குடும்பத்தில் மட்டும் கணக்கு மாறும்: தகப்பன் போனைக் கடலுக்குக் கொண்டுபோகிறாரா, வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாரா என்பதை அங்கே முதலில் கேட்கவேண்டும்.