ரப்பருக்குப் பல் முளைத்த கதை

கூடுவாஞ்சேரியில் பழைய எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கிடம் தவறாமல் கேட்பது, "டைமிங் செயினா, பெல்ட்டா?" செயின் என்றால் நிம்மதி, பெல்ட் என்றால் செலவு என்பது ஜி.எஸ்.டி. ரோட்டின் கணக்கு. அந்தக் கணக்கில் பெல்ட்டுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது என் கட்சி.

இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று வர வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தாலோ செயின் விட்டாலோ, பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

இதில் மூத்தது செயின். சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டர் பக்கம் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் கொடுத்த ரோலர் செயின்தான் இன்றைக்கும் அடிப்படை. அவர் விலைக்கு வாங்கிய பட்டறை அதுவரை நெசவு மிஷின்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்தது.

பெல்ட் பிறந்ததும் துணிக்குப் பக்கத்தில்தான். சாதா பெல்ட் வழுக்கும். வழுக்கினால் நேரம் தப்பும். 1940-களில் அமெரிக்காவில் கில்மர் கம்பெனியின் ரிச்சர்ட் கேஸ், ரப்பருக்குள் நீளாத இழையை வைத்து, உட்புறம் பல் வார்த்தார். தையல் மிஷினில் ஊசியும் பாபினும் தாளம் தப்பாமல் ஓடத்தான் அதைச் செய்தார் என்று தொழில் வட்டாரத்தில் சொல்வார்கள். 1954 வாக்கில் கலிஃபோர்னியாவின் பில் டெவின் என்ற ரேஸ்காரர் அந்த பெல்ட்டை எடுத்து, தான் ஒட்டுப்போட்டுச் செய்த பந்தயக் காரின் கேமுக்கு மாட்டினார்.

தெருவில் ஓடும் காருக்கு அது வந்தது 1962-ல், பவேரியாவின் டிங்கோல்ஃபிங் ஊரில். ஹான்ஸ் கிளாஸின் கம்பெனி விதைக்கும் கருவி செய்து, ஸ்கூட்டர் செய்து, பிறகு காருக்கு வந்த ஒன்று. அதன் கிளாஸ் 1004-ல் இருந்தது ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவான எஞ்சின். செயினுக்கு ஆயில் வேண்டும், ஆயிலை அடைக்க உலோக மூடி வேண்டும், இரைச்சலையும் பொறுக்க வேண்டும். பெல்ட்டுக்கு இதெல்லாம் கிடையாது. நாலே வருஷத்தில் ஃபியட்டும் போன்டியாக்கும் அதே வழிக்கு வந்தன. அதே 1966-ல் கிளாஸ் கம்பெனி பி.எம்.டபிள்யூ. கைக்குப் போனது.

நம் பக்கம் வருவோம். ஒரகடத்தில் 2012-ல் வந்த டஸ்டரின் டீசல் எஞ்சினில் பெல்ட். இருங்காட்டுக்கோட்டையில் 2015-ல் வந்த கிரெட்டாவின் 1.6 டீசலில் செயின். கூடுவாஞ்சேரி தாண்டினால் வரும் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கதை கொஞ்சம் சுற்றுகிறது. 2013-ன் ஈகோஸ்போர்ட் டீசலில் வெளியே ஓடும் உலர்ந்த பெல்ட். ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோலிலோ ஆயிலில் நனைந்தபடி ஓடும் பெல்ட். 2016-ல் வந்த எண்டெவர் 2.2, 3.2 இரண்டிலும் செயின். 2020-ல் அதன் 2.0 எஞ்சினில் மறுபடியும் ஆயிலுக்குள் பெல்ட்.

உராய்வு குறையும், சத்தம் குறையும் என்றுதான் பெல்ட்டை ஆயிலுக்குள் இறக்கினார்கள். அந்த ஒரு லிட்டர் எஞ்சின் 2012 முதல் மூன்று வருஷம் உலகின் சிறந்த எஞ்சின் விருதையும் வாங்கியது. ஆனால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்தாலோ, தப்பான ஆயில் ஊற்றினாலோ, ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயிலே வேண்டாம் என்பதற்காக வந்த பொருளை ஆயிலில் ஊறப்போட்டது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு 1,39,730 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், ஒரு லிட்டர் எஞ்சினில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். கேம் பெல்ட் இல்லை. ஆனால் இதுவும் ஆயிலுக்குள் ஓடுவதுதான். அந்தப் பட்டியலில் இருந்த ஈகோஸ்போர்ட்டுகள் மறைமலை நகரிலிருந்து கப்பலேறியவை.

இந்தத் தொந்தரவு ஆயிலில் நனைந்த பெல்ட்டுக்குத்தான். ஆகவே பெல்ட் என்றதும் பின்வாங்க வேண்டாம். உலர்ந்த பெல்ட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி புத்தகத்திலேயே இருக்கும்; மாற்றிய பில்லைக் கேளுங்கள், டென்ஷனரும் சேர்த்து மாற்றியதா என்று பாருங்கள். செயின் வண்டியை ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சலசலக்கிறதா என்று கேளுங்கள். நனைந்த பெல்ட் என்றால் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி, ஸ்ட்ரெய்னரில் கறுப்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.