எலும்பு நிரப்பியின் தரமும் அது கரையும் காலமும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடியில் 1988 முதல் இயங்கும் சவீதா பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் எலும்பு இழப்பு அன்றாடச் சிக்கல். பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் குழி தானே ஆறிவிடும். ஆனால் ஆறுகையில் தாடை எலும்பின் விளிம்பு ஓராண்டுக்குள் தன் அகலத்தில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடும். பின்னர் இம்ப்ளான்ட் பொருத்த வருபவருக்கு அந்த எலும்புதான் தேவை. குழியை எதனால் நிரப்புவது என்று கேட்டால், எலும்பை ஒத்த பொருளால் என்பதே வழக்கமான விடை. அந்த விடை போதாது. நிரப்பி எலும்பை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைவிட, புது எலும்பு வளரும் வேகத்துக்கு இசைந்து எவ்வளவு ஒழுங்காகக் கரைகிறது என்பதே அதன் தரத்துக்கு அளவுகோல். கால்சியம் பாஸ்பேட்டோடு இயற்கைப் பாலிமரைச் சேர்ப்பதற்கு வலுவான காரணமும் அதுவே.

கால்சியம் பாஸ்பேட்டை எலும்புக் குறைபாட்டில் வைத்துப் பார்த்த ஆய்வை அமெரிக்க அறுவை மருத்துவர் ஃப்ரெட் ஆல்பி 1920இலேயே வெளியிட்டார். இன்று பெரிதும் பயன்படுபவை இரண்டு. கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் ஹைட்ராக்சிஅபடைட்டில் 1.67, பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5. எண்ணளவில் சிறிய வேறுபாடுதான். ஆனால் படிக அமைப்பும் உடன் மாறுவதால் கரைதிறன் வெகுவாக மாறிவிடுகிறது: உயர் வெப்பத்தில் சுட்ட ஹைட்ராக்சிஅபடைட் உடலில் பல ஆண்டுகள் கிடக்கும், மற்றது அதைவிட மிக விரைவாகக் கரையும். எலும்புத் தாதுவுக்கு நெருங்கியது என்று பாராட்டப்படுவது முதலாவதே என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையான எலும்புத் தாதுவோ கார்பனேட் கலந்த, கால்சியம் குறைந்த, நானோமீட்டர் அளவுத் தகடுகளால் ஆனது. ஆகவேதான் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அதை அமிலத்தால் எளிதில் கரைத்துப் புதுப்பிக்க முடிகிறது. வேதி வாய்பாட்டில் உள்ள ஒற்றுமை நம்மைத் தவறான திசையில் இழுத்துச் செல்கிறது.

கரையும் வேகத்தை இன்னும் நுட்பமாகக் கட்டுப்படுத்தும் வாய்ப்பைப் பாலிமர் தருகிறது. அத்தகைய இயற்கைப் பாலிமரான கொலாஜனின் மும்முறுக்கு அமைப்பை 1954இல் முன்வைத்து மறு ஆண்டே செம்மைப்படுத்தியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எலும்பின் கரிமப் பகுதியில் ஏறத்தாழ 90 சதவீதம் முதல்வகைக் கொலாஜன். அதன் மூலக்கூறுகள் 67 நானோமீட்டர் அளவுக்குத் தள்ளித் தள்ளி அடுக்கப்படுவதால் விழும் இடைவெளிகளில் தாது படிகிறது. முறுக்கு குலையாத கொலாஜனைக் குறிப்பிட்ட சில நொதிகளே வெட்ட முடியும். சூடாக்கி முறுக்கைப் பிரித்தால் கிடைக்கும் ஜெலட்டின் விரைவில் சிதையும். குறுக்குப் பிணைப்பு இட்டால் சிதைவு தாமதமாகும். இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானிலும் இப்படியே: எஞ்சியுள்ள அசிட்டைல் தொகுதிகளின் அளவைப் பொறுத்தே லைசோசைம் என்னும் நொதி அதைச் சிதைக்கும் வேகம் அமைகிறது. ஆக, கால்சியம் பாஸ்பேட் பீங்கானின் கரைதலையும் பாலிமரின் சிதைவையும் தனித்தனியே திருத்திப் பின் இணைக்கலாம்.

இந்த நோக்கில் பார்த்தால் நம் ஆய்வகங்கள் பெரிதும் நம்பும் ஒரு சோதனையின் குறை தெரியும். ஆய்வாளர் கொகுபோ வகுத்த செயற்கை உடல்திரவத்தில் பொருளை ஊறவைத்து, மேற்பரப்பில் அபடைட் படிந்தால் அது எலும்போடு பிணையும் என்று முடிவு கட்டுகிறோம். இந்த முறையின் அடிப்படையையே போனர், லெமேத்ர் என்னும் ஆய்வாளர்கள் 2009இல் கேள்விக்கு உட்படுத்தினர். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் எலும்போடு நன்றாகப் பிணைந்தும் இச்சோதனையில் தடுமாறுகிறது. செல்லும் நொதியும் இல்லாத திரவம் கரையும் காலத்தைப் பற்றி ஏதும் சொல்லாது.

நோயாளியின் சொந்த எலும்பே சிறந்ததாக இருக்க, இவ்வளவு முயற்சி எதற்கு என்று கேட்கலாம். அதன் உயிர்த்திறன் மறுக்க முடியாதது. ஆனால் அதை எடுக்க இன்னோர் இடத்தை அறுக்க வேண்டும்; வலி கூடும்; கிடைக்கும் அளவும் குறைவு. வலிமையைப் பற்றிய மறுப்பு இன்னும் கனமானது. புறணி எலும்பு நூறு மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும். நுண்துளைக் கலப்புப் பொருள்களால் அதை நெருங்க முடியாது. எனவே நெடுஞ்சாலை விபத்தில் நொறுங்கிய தொடை எலும்புக்கு உலோகத் தகடும் திருகும் இல்லாமல் இவை பயன்படா. சுமை குறைந்த பல் குழியும் ஈறுநோய் அரித்த எலும்புப் பையுமே இவற்றுக்கு உரிய களம். அந்த எல்லையை ஆய்வாளர் தாமே சொல்லிவிடுவது நேர்மை.

தோல் பதனிடும் தொழிலின் கழிவு, முட்டை ஓடு, இறால் ஓடு ஆகிய மூலப்பொருள்கள் மலிவு என்பதால் நிரப்பியும் மலிவாகும் என்ற வாதம் நம் கட்டுரைகளின் முன்னுரைகளில் ஓயாமல் வருகிறது. அதை ஏற்பதற்கில்லை. செலவெல்லாம் தூய்மைப்படுத்துவதிலும், கிருமிநீக்கத்திலும், தொகுதிக்குத் தொகுதி மாறாத தரத்திலும்தான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உதிரிபாகத் தொழிலில் பழகிய அந்த ஒழுங்கு விலங்கு மூலப்பொருளுக்கு எளிதில் வாய்க்காது. விலங்கின் வயதும் வகையும் மாறினாலே கொலாஜனின் பிணைப்பும் மாறும். மாட்டிலிருந்தா, பன்றியிலிருந்தா, மீனிலிருந்தா எடுத்தது என்பதை நோயாளிக்குச் சொல்லி இசைவு பெறுவதும் கட்டாயம்.

பல் மருத்துவத்துக்கு இதில் வேறெங்கும் எளிதில் அமையாத ஒரு வசதி உண்டு. குழியை நிரப்பிச் சில மாதங்கள் கழித்து இம்ப்ளான்டுக்காக அதே இடத்தை எப்படியும் துளையிடுகிறார்கள். அப்போது, நோயாளியின் இசைவோடு, துளைக் கருவியால் மெல்லிய எலும்புத் தண்டு ஒன்றை முழுதாக எடுக்கலாம். அதில் புது எலும்பு எத்தனை சதவீதம், எஞ்சிய நிரப்பி எத்தனை, மென்திசு எத்தனை என்று மூன்றையும் சேர்த்து, எடுத்த மாதத்தையும் குறித்து வெளியிடும் வழக்கம் வேலப்பன்சாவடியிலும் மற்றக் கல்லூரிகளிலும் நிலைபெற வேண்டும்.