ஆடிட்டருக்கும் பரீட்சை வந்த கதை

சென்னையில் "ஆடிட்டர் சொல்லிட்டார்" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எத்தனையோ மாடிப்படிகளின் ஓரத்தில் ஆடிட்டர் போர்டு தொங்கும். அப்பேர்ப்பட்ட ஆடிட்டர்களே 2007-க்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தோடு மறுபடியும் வகுப்பில் உட்கார வேண்டி வந்தது! ஐ.எஃப்.ஆர்.எஸ். எனப்படும் சர்வதேச நிதி அறிக்கைத் தரங்கள் செய்த வேலை அது. அதைப் பார்க்கும் முன், இந்த ஊரில் கணக்கர்கள் எப்படிப் படித்து வந்தார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1906 அக்டோபரில் மெட்ராஸின் பெரிய ஆங்கிலேய நிறுவனமான அர்பத்நாட் திவாலானது. நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி தொடங்கியது இதற்குப் பிறகுதான். 1913 கம்பெனிகள் சட்டம் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் தணிக்கை செய்ய ஆள் வேண்டுமே? 1918-ல் பம்பாயில் ஜி.டி.ஏ. என்ற அரசு டிப்ளமோ வந்தது. பரீட்சை ஒரு பக்கம், ஒரு சீனியரிடம் கைவேலை பழகுவது மறுபக்கம்.

அப்படிப் பழகியவர்தான் மெட்ராஸைச் சேர்ந்த ஆர். சிவபோகம். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வெளியே வந்து சி.எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சி பெற்று 1933-ல் ஜி.டி.ஏ. தேறினார். ஆனால் சிறை சென்றவர் கணக்கராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே நின்றது. வழக்குப் போட்டு வென்று, 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அவர்தான். 1949-ல் சி.ஏ. இன்ஸ்டிடியூட் பிறந்தபின் அதன் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவரானார். (பாடப்புத்தகத்தில் இவர் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?)

சிவபோகம் பழகிய இந்த முறைதான் பின்னாளில் ஆர்டிக்கிள்ஷிப். சீனியருக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது; கூடவே இருந்தால் வந்துவிடும். இதுதான் அதன் அஸ்திவாரம். ஐ.எஃப்.ஆர்.எஸ். ஆட்டியது இந்த அஸ்திவாரத்தைத்தான். முப்பது வருட அனுபவசாலிக்கும் அது புதுசு!

அப்படி என்ன புதுசு? தி.நகரில் ஒரு பெரிய நிறுவனம் ஒன்பது வருட ஒப்பந்தத்தில் கடையை வாடகைக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் மாத வாடகையைச் செலவாக எழுதினால் முடிந்தது. இப்போது அப்படியில்லை. வரப்போகும் வாடகை முழுவதையும் வட்டி விகிதத்தால் கழித்து, இன்றைய மதிப்பைக் கண்டுபிடித்து, பேலன்ஸ் ஷீட்டில் கடனாகக் காட்ட வேண்டும். எதிரே கடையைப் பயன்படுத்தும் உரிமை சொத்தாக நிற்கும். எந்த வட்டி விகிதம்? ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா? பில்லையும் வவுச்சரையும் எவ்வளவு புரட்டினாலும் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது, சொந்தமாக யோசித்தாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் பங்குச்சந்தைக் கம்பெனிகள் 2005-லேயே மாறிவிட்டன. நைஜீரியா 2012-ல் தொடங்கியது. இந்தியாவில் 2011 ஏப்ரல் என்று 2007-ல் அறிவித்தார்கள். இன்ஸ்டிடியூட் சான்றிதழ் வகுப்புகள் நடத்தியது. லண்டன் அமைப்பான ஏ.சி.சி.ஏ.வின் டிப்ளமோவுக்கும் பலர் பணம் கட்டினார்கள். 2011 பிப்ரவரியில் 35 தரங்கள் வெளியாயின, அமலாகும் தேதி மட்டும் இல்லை! அவசரம் அவசரமாகப் படித்தவர்கள் படித்ததை மூட்டை கட்டி வைத்தார்கள். கடைசியில் 2016 ஏப்ரலில்தான், அதுவும் 500 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளில் தொடங்கி, 'இந்த் ஏ.எஸ்.' என்ற உள்ளூர் வடிவில் வந்தது. மேலே சொன்ன வாடகை விதி 2019 ஏப்ரலில் சேர்ந்தது.

சின்ன ஆபீஸ்களின் கட்சிக்காரர்கள் பலருக்கு இன்றும் பழைய தரங்கள்தான். அங்கே ஆர்டிக்கிள்ஷிப் செய்யும் பையன் புதியதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிறான். 2023-ல் வந்த புதிய திட்டத்தில் அந்தப் பயிற்சிக் காலமும் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.