மொட்டை மாடியில் ஒரு விமானத் துறை

பேருந்துக்காகத் தெருமுனையில் காத்து நிற்கிறீர்கள். தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் பறந்து போகிறது. ‘இதில் ஏறினால் நெரிசலே இல்லாமல் போய்விடலாமே’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நியூயார்க் நகரம் இந்த எண்ணத்தைச் செயற்படுத்தியே பார்த்தது. அதன் கதையைக் கேளுங்கள்.

விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கு அது வேண்டாம். சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. அதன் எதிர்வினை ஊர்தியை மேலே தூக்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. எனவே இறங்குவதற்கு ஒரு மொட்டை மாடியே போதும். நகரின் நடுவில் காலி நிலம் ஏது? மாடிகள்தாம் இருக்கின்றன!

நியூயார்க்கில் 1963-இல் திறக்கப்பட்ட பான் ஆம் கட்டடம் 59 மாடிகள் கொண்டது. உயரம் 246 மீட்டர். 1965 டிசம்பரில் அதன் உச்சியிலிருந்து நியூயார்க் ஏர்வேஸ் நிறுவனம் கென்னடி விமான நிலையத்துக்கு ஹெலிகாப்டர் சேவையைத் தொடங்கியது. சாலை வழியே நெடுநேரம் பிடிக்கும் பயணம் சுமார் 10 நிமிடங்களில் முடிந்தது. ஆனால் இரைச்சலைப் பற்றி மக்கள் முறையிட்டனர், வருவாயும் போதவில்லை. 1968-இல் சேவை நின்றது.

1977 பிப்ரவரியில் அது மீண்டும் தொடங்கியது. மூன்றே மாதங்கள் சென்றன. மே 16 மாலை, சிகோர்ஸ்கி எஸ்-61 வகை ஹெலிகாப்டர் ஒன்று மாடியில் நின்றுகொண்டிருந்தது. இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்க, பயணிகள் ஏறிக்கொண்டிருந்தனர். திடீரென வலப்பக்கத்துச் சக்கரத் தாங்கி முறிந்து ஊர்தி சாய்ந்தது. இறக்கைகள் தரையில் மோதிச் சிதறின. மாடியில் இருந்த 4 பேர் உயிரிழந்தனர். ஒரு துண்டு கீழே விழுந்து, தெருவில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் உயிரையும் பறித்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஹெலிகாப்டரின் சுழல்வட்டத்தின் விட்டம் 18.9 மீட்டர். நிமிடத்துக்குச் சுமார் 203 சுற்றுகள். அப்படியானால் இறக்கை நுனியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர்! சும்மா விடப்பட்ட ஒரு பொருள்கூட, காற்றின் தடையை நீக்கிப் பார்த்தால், 246 மீட்டர் விழுந்ததும் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் பெற்றுவிடும்.

தாங்கி ஏன் முறிந்தது? ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பாருங்கள். சிறிது நேரத்தில் அது ஒடிந்துவிடும். இதற்கு ‘உலோகச் சோர்வு’ என்று பெயர். ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் ஏற்பட்ட அழுத்தம், கண்ணுக்குத் தெரியாத விரிசலை வளர்த்துவந்தது. அந்த மாடித் தளம் மூடப்பட்டது; பிறகு திறக்கப்படவே இல்லை. நியூயார்க் ஏர்வேஸும் 1979-இல் பறப்பதை நிறுத்திக்கொண்டது.

எல்லா ஊர்களிலும் கதை இப்படியே முடியவில்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் 1972-இல் ஆண்ட்ரௌஸ் கட்டடம் தீப்பற்றியபோது, மாடியில் தளம் இருந்ததால் நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டர்கள் மீட்டன. 1974-இல் அதே நகரின் ஜோயல்மா கட்டடம் எரிந்தபோது, அத்தகைய தளம் இல்லாததால் மாடிக்கு ஓடிய பலர் மாண்டனர். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் உயர்ந்த கட்டடங்களில் இறங்குதளத்தைக் கட்டாயமாக்கியது. 2014-இல் அந்த விதியைத் தளர்த்தியது. மருத்துவமனை மாடிகளிலோ இன்றும் ஹெலிகாப்டர்கள் நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்குகின்றன.

ஆகவே, மாடியில் இறங்குவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. உயிரைக் காக்க ஏற்கும் ஆபத்து வேறு. சில நிமிடங்களை மிச்சப்படுத்த ஏற்கும் ஆபத்து வேறு. மாடியில் நின்றவர்கள் பயணச்சீட்டு வாங்கி வந்தவர்கள். தெருவில் நடந்த அந்தப் பெண்ணோ எந்தச் சீட்டும் வாங்கவில்லை. வானில் ஓடும் வாடகை ஊர்திகளைப் பற்றி மீண்டும் பேசத் தொடங்கியிருக்கிறோம். எத்தனை நிமிடம் மிச்சம் என்று கேட்பதற்கு முன், கீழே நடப்பவர் யார் என்று கேட்போமா?