டர்போவும் மலையும்: எங்கட ஊர்ப் பொடியன்மாருக்கு ஒரு வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருக்கும் பொடியன்மார், அவர்களின் வாப்பாமார், ரெண்டு பேரும் கடைசிவரை வாசியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு மாணவன், கட்டாரில் உழைத்த காசில் வாங்கிய பழைய ஜப்பான் டர்போ காரில் நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தான். பின் சீட்டில் ராத்தாவும் அவளுடைய ரெண்டு பிள்ளைகளும். நடு ஏற்றத்தில் எஞ்சின் ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி இல்லை, மிதி கல்லு மாதிரி ஆகிவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கிறான். பின்னால் வந்த திரீவீல்காரர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார். அல்லாஹ் காப்பாற்றினான்.

கழற்றிப் பார்த்தால் ஒரு பிஸ்டனில் ஓட்டை. இரண்டு கிழமைக்கு முன்தான் பூஸ்டைக் கூட்டியிருந்தான். அதற்கேற்றபடி பெற்றோலைக் கூட்டவில்லை. 95 அடிக்க வேண்டிய காருக்கு 92 அடித்திருந்தான். “சேர், எஞ்சின்ட பிழை” என்றான். நான் சரித்திரம் படிப்பிக்கிறவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பிழை எங்கே என்று தெரியும்.

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலென்சர் வழியாகச் சூடாக வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு காற்றாடியைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளலாம் என்று 1905இல் காப்புரிமை எடுத்தவர் அல்பிரட் பூகி என்ற சுவிஸ் பொறியியலாளர். யோசனை ஒரு வருடத்தில் கைகூடவில்லை. அந்தச் சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் வேண்டும், ஒயில் வேண்டும், பெயாரிங் வேண்டும். 1925இல்தான் ஒரு டீசல் எஞ்சினின் வலுவை 40 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டினார். அதன்பிறகு ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் 1,750 குதிரைவலு எஞ்சின்கள் 2,500 குதிரைவலு கொடுத்தன. காப்புரிமைக்கும் வெற்றிக்கும் இடையில் இருபது வருடம்!

அடுத்த அத்தியாயம் மலைநாட்டு ஆட்களான எங்களுக்கு நன்றாக விளங்கும். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கொழும்புக் காற்றைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய வேன் அங்கே மூச்சு வாங்குவது அதனால்தான். முதலாம் உலகப் போரில் விமானங்களுக்கும் இதே பிரச்சினை. 1918இல் அமெரிக்காவின் சான்ஃபர்ட் மோஸ், லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை ஒரு லொறியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். கடல் மட்டத்தில் 350 குதிரைவலு கொடுத்த எஞ்சின் உச்சியில் 230தான் கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356!

இதில் கவனியுங்கள். அவர் விமானத்தில் பூட்டிப் பறக்கவிட்டுப் பார்க்கவில்லை. முதலில் மலையில் வைத்து அளந்தார். டர்போ இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதினார்.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நாவலப்பிட்டிக்கு ரெயில் வந்தது 1874இல். 1885இல் பாதை நானுஓயாவுக்குப் போனது. 44 அடிக்கு ஒரு அடி ஏறும் அந்தப் பாதையில் காலம்காலமாக நீராவி எஞ்சின்கள் உழைத்தன. 1954இலிருந்து கனடாவின் எம்2 டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றில் காற்றைத் தள்ள எஞ்சினே சுற்றும் புளோவர் இருந்தது, டர்போ இல்லை. 1975இல் அதே கனடாவிலிருந்து வந்த எம்4இல் 12 சிலிண்டர், 1,750 குதிரைவலு, டர்போ. ரெயில்வேயில் வேலை செய்த எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு டர்போ என்றால் என்னவென்று கார்ப் பொடியன்மாருக்கு முன்பே தெரியும்.

காருக்கு டர்போ வந்தது 1962இல். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், 3.5 லீற்றர், 215 குதிரைவலு. எஞ்சினுக்குள் தட்டல் வராமலிருக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை அது குடிக்கும். தாங்கியில் திரவம் முடிந்தால் சொந்தக்காரர் நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. கடைசியில் நிறையக் கார்களிலிருந்து டர்போவையே கழற்றி எடுத்தார்கள். அடுத்த வருடத்தோடு உற்பத்தியும் நின்றது. வலு இருந்தது, அதை நம்பி ஓட முடியவில்லை.

‘தட்டல்’ என்றால் என்ன? காற்றை அமுக்கினால் சூடாகும் (சைக்கிள் பம்பைத் தொட்டுப் பாருங்கள்). அளவுக்கு மீறி அமுக்கினால் பெற்றோல் பிளக் பொறி எட்டும் முன்பே, கண்ட இடத்தில் வெடிக்கும். சுத்தியலால் அடிப்பது போல அது பிஸ்டனை அடிக்கும். பெற்றோல் குறைந்தால், ஒக்டேன் குறைந்தால், இன்னும் மோசம். எங்கள் பொடியனுக்கு நடந்தது இதுதான்.

இந்தப் பிரச்சினையைப் பொறுமையாகத் தீர்த்தவர்கள் ஸ்வீடனின் சாப் கம்பனிக்காரர். 1978இல் சந்தைக்கு வந்த சாப் 99 டர்போவில் சிறிய டர்போ வைத்தார்கள். அமுக்கம் எல்லை மீறினால் புகையை வேறு வழியால் விடும் ஒரு கதவும் வைத்தார்கள். உச்ச வலுவைத் துரத்தவில்லை. 2 லீற்றரில் 145 குதிரைவலு போதும் என்றார்கள். பிறகு தட்டலைக் கேட்டவுடன் பூஸ்டைத் தானாகக் குறைக்கும் சென்சரையும் சேர்த்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் டல்லடேகா ஓட்டப் பாதைக்கு மூன்று சாதாரண சாப் 9000 டர்போ கார்களைக் கொண்டுபோய், இரவும் பகலும் ஓட்டினார்கள். சாரதிகளை மாற்றவும் பெற்றோல் நிரப்பவும் பராமரிக்கவும் மட்டும் நிறுத்தம். இருபது நாளில் 100,000 கிலோமீற்றர். வேகமான கார் நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்குச் சராசரி 213 கிலோமீற்றர். அதன்பிறகுதான் “எங்கள் டர்போ உழைக்கும்” என்று சொல்ல அவர்களுக்கு வாய் வந்தது.

இப்போது எங்கள் பக்கம் வாருங்கள். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. வேகத்தில் ஆசைப்படுவது இந்த நாட்டில் புதுசு இல்லை, அது பாவமும் இல்லை. ஆனால் 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் கார் பாய்ந்து 7 பேர் இறந்ததை மறந்துவிடாதீர்கள். தயார்படுத்திய போட்டித் திடலிலேயே அப்படி என்றால், ஸ்கூல் விடும் நேரத்தில் எங்கள் றோட் எப்படி?

ஆகவே தம்பிமாரே, பூஸ்ட் கூட்டத்தான் வேண்டுமென்றால் வரிசை இதுதான். முதலில் பிரேக், டயர், ரேடியேட்டர். பிறகு ஒயில்: டர்போத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். ஏற்றம் ஏறி வந்த உடனே சாவியைத் திருப்பி நிறுத்தாதீர்கள், ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு இன்டர்கூலர், பெற்றோல் பம்ப், இன்ஜெக்டர். கடைசியில்தான் பூஸ்ட். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு படியிலும் பெற்றோல்-காற்று விகிதத்தையும் சூட்டையும் அளந்து, எழுதி வைத்து. அளக்க வசதியில்லாத கராஜில் கூட்டவே கூட்டாதீர்கள்.

அந்த மாணவன் நேற்று வீட்டுக்கு வந்தான். எஞ்சினைத் திரும்பக் கட்ட வாப்பாவிடம் கடன் கேட்டிருக்கிறானாம், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, என்ன மாற்றினாய், என்ன அளந்தாய் என்று திகதி போட்டு எழுத வேண்டும். ஆயிரம் கிலோமீற்றர் தனியாக ஓடி, அந்தக் கொப்பியை எனக்குக் காட்டும் வரைக்கும் ராத்தாவின் பிள்ளைகளை ஏற்றக்கூடாது. சிரித்தான். “சேர், ஹோம்வேர்க்கா?” என்றான்.

ஓம், ஹோம்வேர்க்தான்.

ரெயில்வேயில் எம்4 எஞ்சினில் வேலை செய்த பெரியவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் உங்கள் அனுபவத்தைக் கமென்டில் எழுதுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். என் தரம் 10 பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.