குன்றின்மேல் கோட்டை எதற்கு?

மலையைக் கண்டால் தெய்வம் ஏறிற்று என்பதும், மதிலைக் கண்டால் பூதம் கட்டிற்று என்பதும் நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று, தோழர்களே! இங்கிலாந்திலே ரெக்கின் என்றொரு குன்று. அரக்கன் ஒருவன் கொட்டிச் சென்ற மண்ணே அது என்று அந்நாட்டார் கதை கட்டினர். அதன் தலையில் இருப்பதோ, இரும்புக்கால மனிதன் எழுப்பிய கோட்டை! பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு தீவுகளிலும் இத்தகையவை 4,000-க்கு மேல் உண்டு.

ஏன் குன்றை நாடினான்? பகைக்கு அஞ்சி என்பர். அச்சம் இருந்தது, மெய்தான். டார்செட் வட்டாரத்து மெய்டன் காசிலில், கடற்கரையிலிருந்து சுமந்து வந்த கவண்கற்கள் 20,000-க்கு மேல் குவிந்து கிடந்தன. ஆயினும் அச்சம் ஒன்றே காரணமாயின், ஊற்றில்லாத சுண்ணக் குன்றையா தேர்ந்திருப்பான்? முற்றுகையிட்டவன் வாளெடுக்கவும் வேண்டாமே, தாகமே வென்றுவிடுமே!

விடையின் ஒரு பகுதி அந்தச் சுண்ணத்திலேயே இருக்கிறது. குன்றைச் சூழ்ந்த மெல்லிய மண் எளிய ஏருக்கும் இணங்கும். 1969 முதல் 1988 வரை அகழப்பட்ட டேன்பரிக் கோட்டையில், சுண்ணப்பாறையைக் குடைந்த தானியக் குழிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. வாயைக் களிமண்ணால் அடைத்துவிட்டால், ஓரத்து மணிகள் முளைவிட்டு உள்ளிருக்கும் உயிர்வளியை உண்டு தீர்த்துவிடும். எஞ்சியவை கெடாமல் உறங்கும். மந்திரமன்று, மதிநுட்பம்! அரண்மனை ஒன்றும் அங்கே அகப்படவில்லை. கிடைத்தவை வட்டக் குடிசைகளே. மன்னன் பெயரைத் தேடுவோர்க்கு அது ஏமாற்றந்தான்.

பழமையும் இடத்தைத் தேர்ந்தது. மெய்டன் காசிலில் கி.மு. 600 அளவில் எழுந்த முதற்கோட்டை, அதற்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகட்கு முன் புதிய கற்கால மக்கள் அகழியிட்ட அதே வளைவில் அமைந்தது. கி.மு. 450 அளவில் அது 47 ஏக்கராக விரிந்தது.

பின்னாளில், 1945-இல் நம் அரிக்கமேட்டை அகழ்ந்தாரே வீலர், அவரே 1934 முதல் 1937 வரை மெய்டன் காசிலை அகழ்ந்தவர். கீழைவாயிலருகே வெட்டுண்ட எலும்புக்கூடுகளைக் கண்டார், கி.பி. 43-இல் ரோமப்படை தாக்கிய அன்று மடிந்தவர்கள் என்று வீரகாவியமே தீட்டினார். நாடும் நம்பியது, பேரறிஞர் வாக்கல்லவா! 1985, 86-இல் நிகழ்ந்த மறு அகழாய்வுக்குப் பின் ஐயம் வலுத்தது. 2025-இல் வெளியான கரிமக் காலக்கணிப்போ, அவர்கள் ஒரே நாளில் வீழ்ந்தவர் அல்லர், ரோமர் வருமுன்னரே பல பத்தாண்டுகளில் அவ்வப்போது மாண்டவர்கள் என்று காட்டிவிட்டது.